ஒரு வாளி ஓடை மீன்

சாக்குச் சொல்ல நினைப்பவர்கள் தயவுசெய்து எளிதாய்ச் சொல்லித் தொலையுங்கள். லீவு இல்லை, காய்ச்சல், பஸ் ஓடவில்லை என்று ஏதாவது. கேட்கிறவர் ஒரு பெருமூச்சோடு போனை வைத்துவிடுவார். ஜெசிந்தன் அப்படிச் செய்யவில்லை. பேச்சுக்குள் மீனை இழுத்துவிட்டான். அவனுடைய அப்பா சிங்கராயரும் அதை அப்படியே நம்பிவிட்டார்.

அவர் குடியிருந்த தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிக்னல் கிடையாது. மகனோடு பேச வேண்டுமென்றால் தோட்டத்துப் பாதையில் இறங்கி லுணுகலை டவுனுக்கு வர வேண்டும். அன்றைக்கு சிங்கராயர் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பஸ்ஸை விட்டு இறங்கி, மருந்துக்கடை ஓரமாய் நின்று போன் போட்டார். ஆஸ்பத்திரியில் அவர் மனைவி அகஸ்டினா கிடந்தாள். வயிற்றில் கட்டி. வெட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தைத்துவிட்டார்கள். பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன், தமிழிலேயே சொன்னார்.

"தம்பி, அம்மாவுக்கு ரொம்ப முடியல. நீ ஒடனே பொறப்பட்டு வா."

ஜெசிந்தன் பொத்துவிலில் கடலை ஒட்டிய களப்போரமாய் இருக்கும் ஒரு தங்குமிடத்தில் வேலை பார்க்கிறான். தூண்டில் போட வருகிற வெள்ளைக்காரர்களை போட்டில் ஏற்றிக்கொண்டு போவது, இரை பிடிப்பது, முள்ளில் கோத்துக் கொடுப்பது எல்லாம் அவன் வேலை.

"வரத்தாம்பா நெனைக்கிறேன். ஒரு வெள்ளக்காரர் வந்திருக்காரு. நாக்கு மீன் புடிச்சே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. அதுக்கு உசுரு மீன்தாம்பா இரை. இப்ப பாத்து நல்ல உசுரு மீன் கிடைக்கல. கிடைச்சா ஒரே நாள்ல முடிச்சிக் குடுத்துட்டு ஓடி வந்துருவேன்."

இதை வேறு யாராவது கேட்டிருந்தால், "அம்மா சாகக் கிடக்கிறாள், நீ மீன் கதை சொல்கிறாயா" என்று காது கிழியத் திட்டியிருப்பார்கள். சிங்கராயருக்கு ஜெசிந்தன் ஒரே பிள்ளை. மகன் சொன்னதில் வரமாட்டேன் என்பது அவர் காதில் விழவேயில்லை. மீன் கிடைத்தால் வந்துவிடுவேன் என்பது மட்டும்தான் விழுந்தது. மீன்தானே, அதற்கென்ன என்று அங்கேயே முடிவு பண்ணிவிட்டார்.

காலமெல்லாம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியும் ஃபெக்டரியில் கொழுந்து மூட்டை தூக்கியும் ஓய்ந்தவர் அவர். மீனுக்கும் அவருக்கும் உள்ள உறவு லுணுகலைக் கடையில் கருவாடும் டின் மீனும் வாங்குவதோடு சரி. கடலை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறார், அதுவும் கோயில் திருவிழாவுக்குப் போன லொறியிலிருந்து. ஆனால் உயிர் மீனை எப்படிப் பொறுக்குவது என்று அவருக்குத் தெரியும். போன டிசம்பரில் நத்தார் பண்டிகைக்கு வந்திருந்தபோது ஜெசிந்தன் அடுப்படியில் உட்கார்ந்து அம்மாவுக்கு அதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த சிங்கராயர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தார்.

நாக்கு மீன் சோம்பேறி மீன். தட்டையாய் மணலில் படுத்து, மேலே கொஞ்சம் மண்ணைப் போர்த்திக்கொள்ளும். கண் இரண்டும் ஒரே பக்கம், மேலே பார்த்தபடி. எதையும் துரத்தாது. மூக்குக்கு மேலே உயிரோடு ஒன்று துடித்துக்கொண்டு போனால்தான் பாயும். செத்த மீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால் இரை மீன் நடுவிரல் நீளம் இருக்க வேண்டும். பெரிதானால் வாய்க்குள் போகாது, சிறிதானால் முள்ளின் பாரம் தாங்காமல் சாகும். செதில் ஒன்றுகூட உதிர்ந்திருக்கக் கூடாது. தண்ணீரைக் கையால் கலக்கிவிட்டால், ஓட்டத்துக்கு எதிராகத் தலையைத் திருப்பி நிற்கிற மீன்தான் நல்ல மீன். காய்ந்த கையால் தொடக் கூடாது. உதட்டில்தான் முள்ளைக் கோக்க வேண்டும், அப்போதுதான் அது ரொம்ப நேரம் உயிரோடு நீந்தும்.

"பாவம்டா, உசுரோடயா கோப்ப?" என்று அகஸ்டினா கேட்டாள். "நீ கோழி அறுக்கலயாம்மா?" என்று அவன் சிரித்தான். அப்போது அவளுக்கு ஒரு நோவும் தெரியாது.

சிங்கராயர் வீட்டுக்கு வந்ததும் படுக்கைக்கு மேல் கட்டுகிற பழைய நுளம்பு வலையை எடுத்துக்கொண்டு தேயிலை மலைக்குக் கீழே ஓடுகிற ஓடைக்குப் போனார். கல்லை அடுக்கித் தண்ணீரை ஒடுக்கி, வலையை விரித்துப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றார். முதலில் தவளை வந்தது, பிறகு நண்டு. பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாய் வந்து மாட்டின. வெள்ளி நிறம், துறுதுறுப்பு. பெரிய அண்டாவில் விட்டு, லயத்துப் பீலியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாய் விழுகிற மாதிரி வைத்துவிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் பொறுக்க உட்கார்ந்தார். கைகளை நன்றாய் நனைத்துக்கொண்டார். தண்ணீரை ஒரு சுற்றுக் கலக்கினார். தலையைத் திருப்பி எதிர்த்து நின்றவற்றை ஒவ்வொன்றாய்ச் செம்பால் மொண்டு, பெயின்ட் வாளிக்கு மாற்றினார். செதில் உதிர்ந்தது, வாலில் கிழிசல் உள்ளது, ஓரமாய் ஒதுங்கிக் கிடந்தது எல்லாம் கழிவு. பொறுக்குகையில் அவர் வாய் தன்னால் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. மூடியில் ஆணியால் துளை போட்டு மூடினார். ஒரு சின்ன மீனுக்கு இவ்வளவு மரியாதையை லுணுகலையில் யாரும் அதுவரை கொடுத்திருக்க மாட்டார்கள்.

மகனை வரவழைப்பதாக முந்தின நாளே அகஸ்டினாவிடம் சொல்லிவிட்டார். பெண்கள் வார்டு என்பதால் ஆம்பிளைகள் பார்வை நேரத்தில் மட்டும்தான் உள்ளே போகலாம். பக்கத்து வீட்டு பாக்கியலெட்சுமிதான் கூடத் தங்கியிருந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு வந்து அவர் கட்டிலோரம் குனிந்து, "ஜெசிய வரவைக்கிறேன் புள்ள" என்றார். அவள் கண்ணைத் திறக்காமல் "ம்" என்றாள். மகன் வருகிற சந்தோஷத்தில் சொன்னாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். மனுஷனுக்கு எது வேண்டுமோ அதைத்தானே காதும் கேட்கும்.

லுணுகலை டவுனிலிருந்து பாக்கியலெட்சுமிக்குப் போன் போட்டு மீன் விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனைத் தோள்பைக்குள் போட்டுக்கொண்டு பிபிலை பஸ்ஸில் ஏறினார். வாளியைப் பார்த்துவிட்டு கண்டக்டர் முகம் சுளித்தான். தண்ணீர் சிந்தினால் இறக்கிவிடுவேன் என்று சிங்களத்தில் சொன்னான். சிந்தாது மாத்தயா, சிந்தாது என்று வாளியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிக்கொண்டார். வளைவுக்கு வளைவு பஸ் ஆட, அவரும் அதற்கேற்ப ஆடி, ஒரு சொட்டுக் கீழே விழாமல் பார்த்துக்கொண்டார்.

பிபிலையில் இறங்கி மூடியைத் திறந்தால் இரண்டு மீன் மல்லாந்து கிடந்தன. கீழே இறங்க இறங்க வெயில் ஏறுகிறது, தண்ணீர் சுடுகிறது என்று அப்போதுதான் உறைத்தது. குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருப்பார்கள் என்று பயந்து, ஒரு சாப்பாட்டுக்கடையில் கெஞ்சி, கிணற்றுத் தண்ணீர் வாங்கி மாற்றினார். செம்பை உயரத் தூக்கி ஊற்றி ஊற்றித் தண்ணீருக்குள் காற்றை ஏற்றினார். கடைக்காரப் பெண் வேடிக்கை பார்த்துவிட்டு ஒரு துண்டு ஐஸ் கொண்டுவந்து போட்டாள். மொனராகலையில் இன்னும் சில செத்தன. சியம்பலாண்டுவையில் பஸ் நின்றபோது ஈரத்துணியை வாளியைச் சுற்றிக் கட்டினார். செத்ததை எடுத்து எறியப் போகும்போதெல்லாம் அகஸ்டினாவின் ஆயுளில் கொஞ்சத்தை எறிவதுபோல இருந்தது அவருக்கு. அதனால் எறியாமல் பாதை ஓரத்துப் புல்லில் மெதுவாய் வைத்தார்.

பொத்துவிலில் இறங்கியபோதும் பாதிக்கு மேல் உயிரோடு இருந்தன. சிங்கராயருக்குப் பெருமை பிடிபடவில்லை. காலையிலிருந்து ஒரு பணிஸ் தவிர எதுவும் சாப்பிடவில்லை. ஆட்டோக்காரனிடம் இடத்தைச் சொல்லி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு போய் இறங்கினார்.

தங்குமிடத்து முதலாளியின் மனைவி மர்லியா வாசலுக்கு வந்தாள். நாற்பது வயது மதிக்கலாம், சிரித்த முகம்.

"ஜெசிந்தன்ட வாப்பாவா? வாங்கண்ணன், இரிங்க. அவன் போட்டுல போயிரிக்கான், இப்ப வந்துருவான். இதென்ன வாளி?"

"உசுரு மீனுங்கம்மா. இங்க கிடைக்கலன்னு சொன்னான். அந்த வெள்ளக்காரருக்கு. இத வச்சி மீனப் புடிச்சிக் குடுத்துட்டு அவன் என்னோட வந்துருவான். அவங்கம்மா ஆஸ்பத்திரியில ரொம்ப முடியாம இருக்கா."

மர்லியாவின் சிரிப்பு நின்றது. "உம்மாக்குச் சுகமில்லியா? ஒரு வார்த்த சொல்லல்லியே அவன். சொல்லியிருந்தா அந்தக் கையோட அனுப்பியிருப்பமே." பிறகு வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். "இரை மீன் விடுற தொட்டி அந்தா அங்க இரிக்கி" என்று பின்பக்கம் கையைக் காட்டிவிட்டுத் தேநீர் போட உள்ளே போனாள்.

பின்னால் களப்பின் கரையில் சீமெந்துத் தொட்டி. களப்புத் தண்ணீரை மோட்டர் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தது. சிங்கராயர் எட்டிப் பார்த்தார். தொட்டி நிறைய மீன். நடுவிரல் நீளத்தில் மணலை மீன் குஞ்சுகள், செதில் கலையாமல், தலையெல்லாம் ஒரே பக்கம், விழுகிற தண்ணீரை எதிர்த்து நின்றன. அவர் விடியக்காலையில் பொறுக்கியதைவிட நல்ல பொறுக்கு. இவ்வளவு மீன் இருக்கையில் இல்லை என்று எதற்குச் சொன்னான்? ஒருவேளை நாக்கு மீனுக்கு இது ஆகாதோ, வேறு ஜாதி மீன் வேண்டுமோ என்னவோ என்று அப்போதும் மகனுக்காகவே யோசித்தார். மூடியைத் திறந்து வாளியை மெதுவாய்ச் சாய்த்தார்.

கெண்டைகள் விர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றின. நல்ல வேகம் என்று நினைத்தார். அடுத்த சுற்றில் ஒன்று சாய்ந்தது. இன்னொன்று மேலே வந்து வாயை வாயைத் திறந்தது. அவர் பதறி இரண்டு கையையும் தொட்டிக்குள் விட்டு, ஒவ்வொன்றாய்த் தூக்கி நிமிர்த்தி விட்டார். நிமிர்த்தியது திரும்பவும் சாய்ந்தது. செம்பால் மொண்டு வாளிக்கு மாற்றப் பார்த்தார், வாளியில் தண்ணீர் இல்லை. தெறித்த தண்ணீர் உதட்டில் பட்டது. கரித்தது. அப்போதும் அவருக்கு விளங்கவில்லை. தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்று மலையிலேயே பிறந்து மலையிலேயே நரைத்த மனுஷன் அவர்.

"அப்பா?"

போட்டைக் கட்டிவிட்டு வந்த ஜெசிந்தன் அப்படியே நின்றான். அப்பா தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு, சட்டைக் கை தோள் வரை நனைந்து, கையில் செத்த மீனோடு இருந்தார்.

"செத்துப்போச்சு தம்பி. வர்ற வழியெல்லாம் உசுரோடதான் கொண்டாந்தேன். ஆட்டோவுல ஏறுறப்பக்கூட துள்ளிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

"இது உப்புத் தண்ணிப்பா. ஓட மீனு உப்புல நிக்காதுப்பா."

"அப்படியா" என்றார். கையிலிருந்த மீனைப் பார்த்தார். பிறகு தொட்டியைப் பார்த்தார். "ஆனா இதுல நெறைய மீனு இருக்கேடா."

குற்றமாய்க் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார். அதுதான் ஜெசிந்தனைக் கொன்றது. ஒரு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருப்பான். ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"மீனு எப்பவும் இருக்குப்பா. ஒரு வல போட்டா போதும், அள்ளிக்கிட்டு வரலாம். நான் சும்மா சொன்னேன். அந்த வெள்ளக்காரரு போன கெழமையே போயிட்டாரு."

சிங்கராயர் கையிலிருந்த மீனைத் தொட்டிச் சுவரின் மேல் மெதுவாய் வைத்தார்.

"பாக்கியக்கா வீடியோவுல அம்மாவக் காட்டுனாங்க. எனக்கு அடையாளமே தெரியலப்பா. யாரோ வேற ஆளக் காட்டுறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் 'ஜெசி'ன்னு கூப்பிட்டாங்க. சிக்னல் இல்லன்னு சொல்லி நான்தான் கட் பண்ணேன். சிக்னல் இருந்துச்சு. எனக்குப் பயமா இருக்குப்பா. வந்து பாத்தா, அம்மா போயிருவாங்கன்னு ஆயிரும். பாக்காம இருந்தா அம்மா அடுப்படியிலயே இருக்காங்கன்னு இருந்துக்கலாம்."

சிங்கராயர் ஈரக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும்தான் பயம். நான் தெனம் போய்ப் பாக்குறேன்ல?"

மர்லியா தேநீரோடு வந்தவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, தேநீரைத் தரையில் வைத்துவிட்டு, ஜெசிந்தனின் உடுப்புகளைத் தானே ஒரு பையில் அடைத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். "முதல்ல போ. பிறகு பேசுவம்" என்றாள். "ஓம் தாத்தா" என்று, அக்காவைத் தாத்தா என்கிற அந்த ஊர்ப் பேச்சில் அவளிடம் சொன்னவன், "வாங்கப்பா, போவோம்" என்று அப்பாவின் பேச்சுக்குத் திரும்பினான். வாளியை யாரும் எடுக்கவில்லை.

அன்றைக்கு மொனராகலைக்கு மேல் பஸ் கிடைக்கவில்லை. விடிந்ததும் பதுளை பஸ்ஸில் ஏறினார்கள். சிங்கராயர் ஜன்னலோரம் உட்கார்ந்து மகனிடம் பேசிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சிரித்த முகமாய்ப் போக வேண்டும், அம்மாவின் கை குளிர்ந்திருந்தால் பயப்படக் கூடாது, தேய்த்துவிட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். "நீ வந்து நின்னாப் போதும், பாதி நோவு கொறஞ்சிரும் அவளுக்கு" என்றார். மீன் கதையைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

பசறை தாண்டியதும் ஜெசிந்தன் பாக்கியலெட்சுமிக்குப் போன் போட்டான். "வந்துக்கிட்டு இருக்கோம்க்கா. அம்மா எப்படி இருக்காங்க?" பாக்கியலெட்சுமி, "வாங்க, வாங்க, மொதல்ல வந்து சேருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவனுக்கு விளங்கிவிட்டது. அப்பா இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவன் குறுக்கே பேசாமல் தலையை ஆட்டிக்கொண்டு வந்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் பாக்கியலெட்சுமி அகஸ்டினாவின் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்தாள். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். சிங்கராயர் அவள் கையிலிருந்த பையையே பார்த்தார். கட்டிலோரம் இருக்க வேண்டிய பை வெளியே வந்திருந்தது.

"நேத்துப் பொழுது சாயுறப்பண்ணே" என்றாள்.

ஜெசிந்தன் அவள் காலடியில் விழுந்து, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதான். "என்னக் கேட்டாங்களாக்கா? அம்மா என்னக் கேட்டாங்களா?"

பாக்கியலெட்சுமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொல்லியிருக்கலாம், யாருக்கும் நட்டமில்லை. அவள் சிங்கராயரைப் பார்த்தாள்.

"ஒன்னையக் கேக்கல தம்பி. 'அவன் பயந்தாங்குளி, அவன வற்புறுத்தாதீங்க, செத்த பொறகு வருவான்'னு எனக்கிட்ட முன்னாலயே சொல்லிட்டாங்க. நேத்து காலையில இருந்து அண்ணனத்தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. 'அவரு எங்க, அவரு எங்க'ன்னு. மீனு கொண்டு போயிருக்காரு, மகனக் கூட்டியாரன்னு சொன்னேன். சிரிச்சாங்கண்ணே. 'அந்தாளுக்கு மீனப் பத்தி என்னா தெரியும்'னு சிரிச்சாங்க. அப்புறம், 'மகன் வராட்டியும் பரவாயில்ல பாக்கியம், அவரச் சீக்கிரம் வரச் சொல்லு'ன்னாங்க. ஒங்க போனுக்கு எத்தனையோ தரம் அடிச்சேண்ணே. தம்பி போனுக்கும் அடிச்சேன், எடுக்கல."

போன் முந்தின நாள் முழுக்க அவர் தோள்பையின் அடியில்தான் கிடந்தது. அவருடைய இரண்டு கையும் வாளியில் இருந்தன.

சிங்கராயர் பெஞ்சில் உட்கார்ந்தார். மகனை எழுப்பவில்லை, அழவும் இல்லை. யாரிடம் என்றில்லாமல் பேசினார்.

"கட்டிலுக்குப் பக்கத்துல சும்மா ஒக்காந்திருந்தாலே போதும்னு இருந்திருக்கா. அது எனக்குத் தெரியாமப் போச்சே."

பாக்கியலெட்சுமி அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். மூன்று பேரும் அகஸ்டினாவை வாங்கிக்கொள்ள உள்ளே போனார்கள்.